கிரான்ட்டில் இருந்த தேதி

இல்ல தம்பி, அந்த வெலைக்கு முடியாது லா. தொண்ணூத்தெட்டாயிரம் வெள்ளின்னு கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கீங்க, ஒட்டுறது ஒங்க இஷ்டம். அதுக்காக வர்றவங்க எல்லாம் அப்படியே குடுத்துட்டுப் போயிருவாங்களா? ரெண்டாயிரத்தி பதினேழு காடி இது. எட்டு வருசம் ஓடியிருக்கு. பேரு மெர்சிடிஸ்தான், நான் இல்லேங்கல. அதுக்காக வயசு ஏறாம இருக்குமா?

எண்பத்தி ரெண்டு. நான் கேக்குறது எண்பத்தி ரெண்டு.

சிரிக்கிறீங்க. நான் வாசல்ல வந்து நின்னப்பவே என் செருப்பத்தான மொதல்ல பாத்தீங்க? பரவால்ல, கோவிச்சுக்க மாட்டேன். அலோர் காஜாவுல இருந்து பஸ்ஸுல வந்து, சென்ட்ரல்ல எறங்கி, கிராப் டாக்சி புடிச்சு வந்திருக்கேன். பஸ்ஸுல வந்தவ மெர்சிடிஸ் வாங்க வந்திருக்கேன்னு சொன்னா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். காடி எனக்கில்ல. மருமகனுக்கு. அவரு சிங்கப்பூர்ல இருக்காரு, வர முடியாது. நீங்க போய் பாத்துட்டு வாங்க அத்த, பிடிச்சிருந்தா மத்தத நான் பேசிக்கிறேன்னாரு. அதான் வந்தேன்.

தே ஓ வேணாம் தம்பி. அப்புறம் குடிக்கிறேன்.

யாரு வச்சிருந்த காடின்னு சொன்னீங்க? டாக்டரா? ரிட்டையர் ஆன டாக்டரு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்துட்டுப் போவாரு. ம். எல்லா கடையிலயும் இந்த டாக்டரு ஒருத்தரு இருக்காரு போல. இல்ல இல்ல, சும்மா சொன்னேன். நீங்க சொல்லுங்க. ஆக்சிடென்ட் ஒன்னும் இல்லையே? ஒரு கீறல் கூட இல்லையா?

அப்ப இங்க குனிஞ்சு பாருங்க. பின்னால பம்பருக்கு அடியில, எடது பக்கம். கைய விட்டுத் தடவுங்க. தெரியுதா? மேல சாயம் அடிச்சு மூடிட்டீங்க, அடியில சொரசொரன்னு இருக்கு பாருங்க. தம்புசாமி கடைக்கு முன்னால ரிவர்ஸ் எடுக்குறப்ப தண்ணி போற லோங்காங் ஓரத்துச் சிமெண்டுல இடிச்சது இது.

எந்த தம்புசாமியா?

அது... எங்க ஊர்ல ஒரு கடை. அங்க ஒரு காடி இப்படித்தான் இடிச்சுச்சு, அதச் சொன்னேன். விடுங்க.

உள்ள ஒக்காந்து பாக்கலாமா? பின்னால ஒக்காருறேன். மருமகன் ஓட்டுனா நான் பின்னாலதான ஒக்காரணும். ஆ, நல்லாத்தான் இருக்கு. தோல் சீட்டு. வாசம் புதுசா அடிச்சு விட்டிருக்கீங்க, எலுமிச்ச வாசம். கதவ சாத்துனா வெளிய லோரி போற சத்தமே கேக்கல. இதுக்குள்ள ஒக்காந்து போறவனுக்கு வெளிய யாரு கத்துனாலும் கேக்காது போல.

சரி, தம்பி. காடி பாத்தாச்சு. கிரான்ட்ட காட்டுங்க, காடி யாரு பேர்ல இருக்குன்னு போட்ட கடுதாசிய.

புக்கிங் காசு கட்டுனாத்தான் காட்டுவீங்களா? அது எப்படி? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பேரு என்னன்னு கூட சொல்ல மாட்டேங்கற மாதிரி இருக்கு. மருமகன் அத ஒன்னுதான் சொல்லி விட்டாரு. கிரான்ட்ட பாக்காம எதுவும் பேசாதீங்கன்னு. எத்தன கை மாறிச்சு, எப்ப மாறிச்சுன்னு தெரியணும்ல? நீங்க காட்டலன்னா நான் கெளம்புறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கமும் நாலு கடை இருக்கு.

ஆங், அப்படி வாங்க. நன்றி தம்பி. கண்ணாடிய எடுத்துக்கறேன், இருங்க. கைப்பையில எங்கயோ போட்டேன்.

காந்தன் அனாக் லெலாக்கி சுப்பன். சுப்பன் மகன் காந்தன். ம். சரிதான். டாக்டர்னு எங்கயும் போடலயே தம்பி?

இருங்க, இருங்க, எடுக்காதீங்க. தேதி பாக்கணும். இதோ இருக்கு. பேரு மாத்துன தேதி. சைபர் ஒன்பது, சைபர் ரெண்டு, ரெண்டாயிரத்தி இருவத்தி மூனு.

தம்பி, இது எப்படிப் படிக்கணும்? ரெண்டாம் மாசம் ஒன்பதாம் தேதியா? இல்ல, ஒன்பதாம் மாசம் ரெண்டாம் தேதியா? சில இடத்துல மாசத்த மொதல்ல போடுவாங்கல்ல? அமெரிக்காவுல எல்லாம் அப்படித்தான போடுறாங்க? ஒன்பதாம் மாசம்னா செப்டம்பர். செப்டம்பர் ரெண்டு. அப்படி இருக்கலாம்ல?

இல்லையா. காடி பதியிற ஜே.பி.ஜே. ஆபீசுல அப்படிப் போட மாட்டாங்களா. நிச்சயமாத் தெரியுமா? கோவப்படாதீங்க தம்பி, தெரியாமத்தான் கேக்குறேன். வேற ஏதாச்சும் கடுதாசி இருக்கா? மாசத்த எழுத்துல போட்டது? பேரு மாத்துறதுக்கு முன்னால காடிய கொண்டுபோய் செக் பண்ணுவாங்கல்ல, புஸ்பாகோம்ல? அந்தச் சீட்டு இருக்குமே. அந்த பைல்லதான் இருக்கும். பாருங்க. எனக்காகப் பாருங்க.

ஏழு பெப்ரவரி.

பெப்ரவரின்னுதான் போட்டிருக்கா.

கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி. இல்ல, தே ஓ வேணாம், பச்சத் தண்ணி.

ஒன்னும் இல்ல. வெயில்ல நடந்து வந்தது. பிரஷர் மாத்திரையும் காலையில போடல. இப்படி ஒக்காந்துக்கறேன், நீங்களும் ஒக்காருங்க. சர்வீஸ் பைலு அதானா? முழு சர்வீஸ் ரெக்கார்டு இருக்குன்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்களே. குடுங்க. இவ்வளவு பாத்தாச்சு, அதையும் பாத்துடறேன்.

இந்த மொதல் பில்லு எல்லாம் கம்பெனி பேர்ல இருக்கு. பதினேழு, பதினெட்டு, இருவது, இருவத்தி ரெண்டு... எல்லாமே அதே கம்பெனி. கடைசியா இருவத்தி மூனு ஜனவரி, அதுவும் கம்பெனி. அப்புறம் பேரு மாறிடுது. இந்த முத்திரை எனக்குத் தெரியும் தம்பி. இதே பேரு, இதே முத்திரை, எங்க வீட்டுக் கதவுல ஒட்டிட்டுப் போனாங்க. மூனு மாசத்துல காலி பண்ணணும்னு மலாய்ல எழுதி.

இது என்ன பில்லு, சின்னதா? பேட்டரி மாத்துனது. ஏப்ரல் மாசம். கோலா சுங்கை பாரு ஒர்க்‌ஷாப்பு.

கோலா சுங்கை பாரு.

ஐயோ சாமி.

இல்ல, அழுவல தம்பி. நீங்க பயப்படாதீங்க. கடைக்கு வேற ஆளு வந்தா நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிடறேன். ஒன்னும் இல்ல. மீனு நெனப்பு வந்துடுச்சு. அந்த வருசம் வாராவாரம் சனிக்கிழமை எங்க அண்ணன் கோலா சுங்கை பாருவுக்குப் போவாரு. மோட்டார் சைக்கிள்ல. அங்க நேரா கடல்ல இருந்து எறக்குற மீனு கெடைக்கும், பசார்ல விக்கிறதெல்லாம் ஐஸ் மீனும்பாரு. எனக்கும் ஒரு கிலோ வாங்கிட்டு வருவாரு. கெம்போங், சில நாள் ராலு. வாசல்லயே நின்னு, நிர்மலா, பைய புடிம்மான்னு குடுத்துட்டுப் போவாரு. நானும் அண்ணனுக்கு நம்ம மேல எவ்வளவு பாசம்னு நெனச்சுக்கிட்டே மீன் கழுவுவேன். இந்தக் காடிய யாரு வீட்டுலயோ ஒளிச்சு வச்சு, வாரம் ஒருக்கா போய் எஞ்சினப் போட்டுட்டு வந்திருக்காரு தம்பி. ஓட்டாம நிறுத்தி வச்சதுலதான் பேட்டரி போயிருக்கு.

ஆமா. காந்தன் எங்க அண்ணன். கூடப் பொறந்த அண்ணன்.

மருமகன் யாரும் இல்ல. எனக்குப் பொண்ணே இல்ல தம்பி. ரெண்டும் பசங்க, ஒருத்தன் லோரி ஓட்டுறான், ஒருத்தன் பேக்டரி. மெர்சிடிஸ் வாங்க எங்ககிட்ட எங்க இருக்கு. ஒங்க நேரத்த வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா வேணும்னு ஏமாத்த வரல. நெஜத்தச் சொன்னா நீங்க இந்தக் கடுதாசிய காட்டியிருப்பீங்களா?

எதுக்குன்னா கேக்குறீங்க? சொல்றேன். சொல்லித்தான ஆகணும், ஒங்ககிட்ட இன்னும் ஒன்னு கேக்க வேண்டியிருக்கு.

லூபோக் சீனா போற வழியில எங்க தோட்டம். ஏழாங்கட்டைன்னு சொல்வோம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, இப்ப போனாலும் ஒன்னும் தெரியாது, சுத்தி தகரம் அடிச்சு வச்சிருக்காங்க. அறுபத்தி நாலு குடும்பம் இருந்தோம். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவங்க, அப்புறம் செம்பனையில வேல செஞ்சவங்க, பாதிப் பேரு டவுன்ல வேலைக்குப் போயிட்டு வந்தாலும் வீடு அங்கதான். நான் அங்க தடிகா டீச்சரு, பள்ளிக்கூடம் போற வயசு வராத சின்னப் பிள்ளைங்களுக்கு. இருவத்தி ரெண்டு வருசம். அந்தத் தோட்டத்துல முப்பது வயசுக்குக் கீழ யாரு கையெழுத்துப் போட்டாலும், அந்தக் கைய புடிச்சு ஆனா எழுத வச்சது நானா இருக்கும். அதனால எனக்கு ஒரு மரியாத. டீச்சரு சொன்னா சரியா இருக்கும்பாங்க.

அந்த டீச்சர் வேலையும் அண்ணன் போட்டது. எனக்கு ஒன்பது வயசுல அப்பா தவறிட்டாரு. அண்ணனுக்கு அப்ப பதினாறு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு மருந்தடிக்கப் போனாரு. புல்லுக்கு அடிக்கிற மருந்து, தம்பி, முதுகுல தோம்பு கட்டிக்கிட்டு. சாயங்காலம் வர்றப்ப கண்ணு ரெண்டும் கோவப்பழம் மாதிரி செவந்திருக்கும். கெழவன் மாதிரி இருமுவாரு. நானும் வேலைக்கு வரேன்னேன். ஒரே ஒரு தடவதான் என்ன அடிச்சாரு, அது அன்னிக்குத்தான். பாரம் அஞ்சு முடிக்கிற வரைக்கும் நீ பள்ளிக்கூடத்தத் தவிர எங்கயும் போகக் கூடாதுன்னாரு. என் கல்யாணத்தையும் அவருதான் பண்ணி வச்சாரு. இப்ப சொல்லுங்க, அப்படிப்பட்டவர யாராவது திருடன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்?

தோட்டத்த வித்துட்டாங்க. அந்தக் கம்பெனி வாங்கிருச்சு, வீடு கட்டி விக்க. எங்களுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து அனுப்பிடலாம்னு பாத்தாங்க. எங்க ஆளுங்க முடியாதுன்னுட்டாங்க. காசு வேணாம், அங்கயே ஒரு மூலையில தரை வீடு கட்டிக் குடுங்கன்னு கேட்டோம். நியாயம்தான தம்பி? மூனு தலமுறை இருந்த எடம். அண்ணனத்தான் தலைவரா போட்டாங்க. மொதல்ல எப்படி நின்னாரு தெரியுமா! மண்ணு வெட்டுற மெஷின் வந்தப்ப ரோட்டுல படுத்துட்டாரு. எங்கள ஏத்திட்டுப் போங்கடான்னாரு. டிரைவரு எறங்கி ஓடிட்டான். பேப்பர்லயெல்லாம் படம் வந்துச்சு. நான் அத வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்.

அப்புறம் இருவத்தி மூனாம் வருசம் பொங்கல் முடிஞ்சு ஆளே மாறிட்டாரு. கோர்ட்டுக்குப் போனா தோத்துருவோம், குடுக்குற காசும் கெடைக்காது, போலீச வச்சு எறக்கி விட்டுருவாங்க, பேசாம கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிடுவோம்னு ஆரம்பிச்சாரு. ஆளுங்களுக்கு சந்தேகம். நேத்து வரைக்கும் ரோட்டுல படுத்த மனுசன் இன்னிக்கு ஏன் இப்படிப் பேசுறாரு? கம்பெனிக்காரன் ஏதோ குடுத்துட்டான்னு பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. நானே அண்ணன் வீட்டுக்குப் போய் கேட்டேன். ஏதாச்சும் வாங்குனீங்களாண்ணேன்னு. அவரு என் தலையில கைய வச்சாரு தம்பி. ஒரு காசு தொடலம்மா, ஒனக்கு என்னத் தெரியாதான்னாரு. அது பெப்ரவரி கடைசி. தைப்பூசம் முடிஞ்சு ரெண்டு மூனு வாரம் இருக்கும்.

ஒன்பதாம் தேதியே காடி அவரு பேர்ல இருந்திருக்கு.

எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். மார்ச்சுல போட்டது, ஜூன் கடைசிக்குள்ள காலி பண்ணிட்டு ஃபிளாட்டுக்கு வந்துட்டோம். ஆகஸ்ட்ல வீட்ட எல்லாம் இடிச்சுட்டாங்க. செப்டம்பர்ல அண்ணன் இந்தக் காடியோட எங்க ஃபிளாட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. எல்லாம் முடிஞ்சு போச்சும்மா, இனிமே யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்ல, லோன் போட்டு பழைய காடி ஒன்னு வாங்கிட்டேன்னாரு. வயசான காலத்துல ஒரு ஆசைன்னாரு. நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டாந்து நாலு டயருக்கும் வச்சேன். அப்பக்கூட மாடியில இருந்து பாத்தவங்க பேசுனாங்க. பாத்தியா, வாங்குனதுக்கு சாட்சி வந்துருச்சுன்னு. நான் அவங்ககூட கத்தி சண்ட போட்டேன். செப்டம்பர்ல வாங்குனது, லோன்ல வாங்குனது, வேணும்னா வந்து பாருங்கடின்னு.

அந்த ஃபிளாட்டப் பத்தி ஒங்களுக்குச் சொல்லணும். முத்தாயி அக்கான்னு ஒருத்தங்க. தோட்டத்துல பதினொரு மாடு வச்சிருந்தாங்க. புருசன் இல்ல. அந்தப் பாலுலதான் ரெண்டு பிள்ளைங்கள யூனிவர்சிட்டி அனுப்புனாங்க. ஃபிளாட்டுல நாலாவது மாடியில மாட்டக் கட்ட முடியுமா? வந்த வெலைக்கு வித்துட்டாங்க. கடைசி மாடு லோரியில ஏற மாட்டேன்னு நின்னுச்சு, அவங்களே பின்னால நின்னு தள்ளி ஏத்துனாங்க. இப்ப ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல கக்கூஸ் கழுவுறாங்க, அறுவத்தி மூனு வயசுல. நான் ரெண்டாவது மாடி. படியில எதிர்ல வந்தா சுவத்தோரமா ஒதுங்கி எனக்கு வழி விடுவாங்க. பேச மாட்டாங்க. ரெண்டு வருசமாச்சு, ஒரு வார்த்த கெடயாது. திட்டுனாக்கூட தாங்கிக்கலாம் தம்பி.

மத்தவங்களும் அப்படித்தான். கடைக்குப் போனா பேச்சு நின்னுடும். டீச்சர்னு கூப்பிட்ட பிள்ளைங்க இப்ப ஹெல்மெட்டக் கழட்டாமப் போறாங்க. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் ஒன்னும் சொன்னதில்ல, ஆனா அண்ணன் வந்தா எந்திரிச்சு உள்ள போயிடுவாரு.

போன வாரம் எங்க தோட்டத்து வாட்ஸாப் குரூப்புல ஒரு படம் வந்துச்சு. ஒங்க விளம்பரம். இந்தக் காடி, இந்த நம்பரு. யாரோ போட்டு, கீழ எழுதியிருந்தாங்க, நம்ம தலைவருக்குக் கெடச்ச பரிசு வெலைக்கு வந்திருக்கு, வேணுங்கறவங்க வாங்கிக்கலாம்னு. ஆளாளுக்கு சிரிப்பு பொம்மையாப் போடுறாங்க. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பத்தான் இது தோணுச்சு. கிரான்ட்ல தேதி இருக்கும்ல? செப்டம்பர்னு இருக்கும். அத ஒரு படம் புடிச்சு அதே குரூப்புல போட்டுட்டா எல்லா வாயும் அடைஞ்சுரும். பாருங்க, எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் வாங்குன காடி, எங்க அண்ணன் சுத்தம், இனிமே யாராச்சும் பேசுனா நாக்கு அழுகிடும்னு எழுதணும்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். பஸ்ஸுல வர்றப்ப அதத்தான் மனசுல எழுதிக்கிட்டே வந்தேன். அவர மாட்டி விடவா வந்தேன் நான்? காப்பாத்த வந்தேன் தம்பி.

எட்டு வருசம் ஓடுன பழைய காடி. அப்ப ஆறு வருசம். புதுசு கூட குடுக்கல பாருங்க அவங்க. டைரக்டரு ஓட்டிப் போட்டத குடுத்திருக்காங்க. அறுபத்தி நாலு வீட்டுக்கு.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கேக்கச் சொல்றீங்களா? கேக்கலாம். நம்பரு இருக்கு, இப்பவே எடுப்பாரு, என் போன்னா மொத ரிங்லயே எடுப்பாரு. கேட்டா ஏதாவது சொல்லுவாரு. நல்லாவே சொல்லுவாரு. சொன்னா நான் நம்பிருவேன் தம்பி. அதான் பயமா இருக்கு. அதனாலதான் போன் போடாம ஒங்ககிட்ட ஒக்காந்திருக்கேன். இப்பக்கூட பாருங்க, அவருன்னுதான் வாயில வருது.

நான் கேக்க வந்தது இதுதான். இந்தக் கிரான்ட்டும், புஸ்பாகோம் சீட்டும், கம்பெனி பேரு போட்ட அந்த ஜனவரி பில்லும், கோலா சுங்கை பாரு பில்லும் எனக்கு ஒரு காப்பி வேணும். அந்த மெஷின் அங்கதான இருக்கு, ஒரு நிமிச வேல. காசு குடுத்துடறேன்.

தெரியும் தம்பி. அடுத்தவங்க கடுதாசி, குடுக்கக் கூடாது, தெரியும். ஒங்க முதலாளி கேட்டா ஒங்க வேலைக்கு ஆபத்துன்னும் தெரியும். அதனாலதான் காடியப் பத்திப் பேசாம என் கதைய எல்லாம் ஒங்ககிட்டக் கொட்டுறேன். திலீபன்தான ஒங்க பேரு? கார்டுல பாத்தேன். ஒங்க வீட்டுலயும் யாராச்சும் தோட்டத்துல இருந்து வந்தவங்களா இருப்பாங்க. ஜாசின் பக்கமா? ஒங்க அம்மாவா? அப்ப ஒங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்ல.

போலீசுக்கா? நான் போகல. போறவங்க போகட்டும். அவங்க ஏற்கனவே லாயரப் புடிச்சு கேஸ் போட்டிருக்காங்க, சாட்சி இல்லாமதான் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. என்ன அதுல சேத்துக்கல, சேத்துக்கவும் மாட்டாங்க. இத மொதல்ல முத்தாயி அக்காகிட்டக் கொண்டுபோய் குடுக்கணும். இன்னிக்கே. அவங்க வேல முடிஞ்சு நாலு மணிக்கு வருவாங்க, படிக்கட்டுலயே ஒக்காந்திருப்பேன். அப்புறம் அவங்க லாயருகிட்டக் குடுக்கட்டும், குரூப்புல போடட்டும், அண்ணன் ஜெயிலுக்குப் போகட்டும். போனா சோறு கொண்டுபோய் குடுக்குறதும் நானாத்தான் இருப்பேன், அது வேற.

ஏன் அவங்ககிட்டன்னா?

நீங்க ஒன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க தம்பி, எங்க ஆளுங்க எங்க அண்ணன் பேச்சக் கேட்டு கையெழுத்துப் போட்டாங்கன்னு. அவரு பேச்ச யாரும் நம்பல. மார்ச் அஞ்சாம் தேதி, ஞாயித்துக்கிழம காலையில, கோயில்ல கூட்டம் போட்டோம். அறுபத்தி நாலு வீட்டு ஆளும் வந்திருந்தாங்க. ஒரே கத்தல், அண்ணன அடிக்கப் போயிட்டாங்க. முத்தாயி அக்காதான் நடுவுல வந்து எல்லாரையும் நிறுத்துனாங்க. நிறுத்திட்டு என்னப் பாத்துக் கேட்டாங்க, டீச்சரு, நீ சொல்லு, நீ சொன்னா நான் போடுறேன், ஒங்க அண்ணன் காசு வாங்கலேன்னு ஒன்னால ஆத்தா முன்னால சொல்ல முடியுமான்னு. நான் யோசிக்கவே இல்ல தம்பி. நேரா சன்னிதிக்குப் போய், எரியிற சூடத்த இந்தக் கையால அடிச்சு அணைச்சு, எங்க அண்ணன் ஒரு காசு தொடல, தொட்டிருந்தா என் பிள்ளைங்க நல்லாருக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணேன். முத்தாயி அக்காதான் மொதல்ல போய் பேனாவ எடுத்தாங்க. அப்புறம் வரிசையா எல்லாரும்.

மெஷின் போட்டுட்டீங்களா? நன்றி தம்பி. நல்லாருப்பீங்க. தேதி தெளிவா விழுதான்னு பாத்துக்குங்க.

அன்னிக்கு பூசாரி ஊர்ல இல்ல. சூடத்தக் கொளுத்தி, தட்ட எனக்கு நேரா நீட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னது எங்க அண்ணன்தான். அவரு கை கொஞ்சங்கூட ஆடல தம்பி.